மூன்றாவது முறை கூப்பிடும் வரை

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கோலாலம்பூரில் பஸ் ஏறினேன். தாப்பா வரைக்கும் டிக்கெட் ஆறு வெள்ளி. கையில் ஒரு சிறிய பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு கட்டு வெள்ளைத்தாள். தாளை எடுத்துப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டு போ என்று பாஸ் சொல்லியிருந்தார். நான் சம்பளம் கொடுப்பவர் பேச்சைக் கேட்டேன்.

எண்பதுகளின் முற்பகுதி அது. ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ் வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். சேர்ந்தபோது பத்திரிகைக்கு நாலு வரி எழுதினால் போதும். பிறகு வானொலிக்குப் பாட்டு கேட்டார்கள். வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் நடிகையின் புடவை நிறம் முதல் நீயே எழுது என்றார்கள். டெலெக்ஸ் வந்தது. அதைப் பழகி முடிப்பதற்குள் தாளை அப்படியே கம்பி வழியாக அனுப்பும் பேக்ஸ் வந்தது. காலையில் சரி என்ற வரியை மத்தியானம் மாற்றுவார்கள், சாயந்தரம் பழையதே தேவலை என்பார்கள். என் மேசையில் மட்டும் மூன்று தொலைபேசி. முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவேன். அதற்காக அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர் வேறு.

கடைசியில் அடிக்காத மணியும் கேட்க ஆரம்பித்தது. குளிக்கும்போது கேட்டது, மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். எங்கள் வீட்டில் தொலைபேசியே கிடையாது. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. மூன்று நாள் மலைக்குப் போய் வா என்றார் டாக்டர்.

"போ. ஆனா திங்கக்கெழம காலையில சீட்டுல இல்லன்னா அந்த டீ வேலய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன் லா" என்றார் பாஸ்.

அந்தத் தேயிலை விளம்பரம்தான் என் பெரிய வேலை. வாசகம் என்னுடையது: 'மலை கூப்பிடுது, வாங்க.' பதினொரு பெண்களைப் பேச வைத்து, அதில் ஒரு குரலை நானே பொறுக்கி எடுத்தேன். மூன்று வாரமாக வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது தொலைக்காட்சி. அதற்கு அதே குரலில் இன்னொரு நல்ல வரி வேண்டும். வெள்ளைத்தாள் அதற்குத்தான்.

பதினொன்றரை மணிக்குத் தாப்பாவில் மலை பஸ் பிடித்தேன். தானா ராத்தாவுக்கு மூன்று வெள்ளி ஐம்பது காசு, தூரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். தூரத்தை விட வளைவுகள்தான் அதிகம். ஓட்டுநர் ஒரு தமிழர். என்னைத் தமக்குப் பின் சீட்டில் உட்கார வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் தொங்கிய டிரான்சிஸ்டரில் பழைய பாட்டு ஓடியது. ரிங்லெட்டைத் தாண்டி முதல் மூடுபனி ரோட்டுக்கு வந்தபோது பாட்டு முடிந்து, நான் தேர்ந்தெடுத்த குரல் வந்தது. 'மலை...' என்பதற்குள் ஓட்டுநர் கையை நீட்டி அணைத்துவிட்டார்.

"ஏன் அணைச்சிட்டீங்க?"

"இத மலை மேல பஸ்ஸுல போட மாட்டோம் சார். எவனோ தெரியாம எழுதிட்டான்."

அந்த எவனோ அவர் முதுகுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தானா ராத்தாவில் என் பள்ளிக்கூடக் கூட்டாளி மணி எஸ்டேட் லோரியோடு காத்திருந்தான். அவன் அங்கே கிராணி, அலுவலகக் கணக்குப்பிள்ளை. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைந்து ஏறினோம். புதன்கிழமை மரம் விழுந்து எஸ்டேட் போன் கம்பி அறுந்துவிட்டது, திங்கட்கிழமைக்கு முன் ஆட்கள் வரமாட்டார்கள் என்று மன்னிப்புக் கேட்பவன்போலச் சொன்னான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. அன்றிரவு ஒன்பது மணி நேரம் தூங்கினேன். காதில் ஒரு மணியும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கொழுந்து பறிப்பதைப் பார்க்க மேல்மலைக்குப் போனேன். கூட்டாளி மணிக்கு அலுவலக வேலை இருந்ததால் அஞ்சலை என்பவரிடம் என்னை ஒப்படைத்தான். என்னை விட நாலைந்து வயது மூத்திருப்பார். தலையில் துண்டு, முதுகில் கூடை. விரல்கள் பறிக்கிற வேகத்தில் அவர் பேச்சும் ஓடியது.

"டவுன்ல எப்பவும் சத்தமா இருக்குமாமே சார்? எப்படித் தூங்குறீங்க?"

"தூங்காமத்தான் இங்க வந்தேன்" என்றேன். அவர் சிரித்தார்.

ஒன்பதரைக்குப் பனி கீழேயிருந்து ஏறியது. முதலில் ஆலைக் கூரை போனது, பிறகு லோரி ரோடு, பிறகு பக்கத்துத் தேயிலை நிரையில் நின்றவர்கள். அஞ்சலை பறிப்பதை நிறுத்திவிட்டார். எங்கோ மேலே கங்காணியின் குரல் கேட்டது. "லெச்சுமி. லெச்சுமி. லெச்சுமி." மூன்றாவது முறைக்குப் பிறகுதான் "இங்க இருக்கேன்" என்று பதில் வந்தது. அடுத்து இன்னொரு பெயர், அதுவும் மூன்று முறை. எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள்.

"மொத தடவையே பதில் சொன்னா வேலை சீக்கிரம் முடியுமே" என்றேன். என் தொழில் புத்தி அது.

"மனுசன்னா மூணு தடவ கூப்பிடுவான் சார். ஒரு தடவ கூப்பிடுறது மனுசன் இல்ல. அதுக்குப் பதில் குடுத்தா நம்ம கொரலு அதுகிட்ட போயிடும். அப்புறம் நம்ம கொரல்ல அடுத்த ஆளக் கூப்பிடும்."

சிரிக்கலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என் வீட்டுக்காரரு இந்த நிரையிலதான் மருந்தடிச்சிக்கிட்டு இருந்தாரு. பனி மூடுச்சி. 'வர்றேன்'னு சொன்னத எல்லாரும் கேட்டாங்க. யாரு கூப்பிட்டதுன்னு யாருக்கும் தெரியாது. போலிஸ் வந்து நாலு நாளு தேடுச்சி. ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல." கூடையைச் சரி செய்துகொண்டார். "அஞ்சாவது நாளு காலையில வீட்டுக்குப் பின்னால 'அஞ்சல'ன்னு அவரு கொரலு. ஒரே தடவ. நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். ரெண்டாவது தடவ கூப்பிடுன்னு உள்ளுக்குள்ள கெஞ்சுனேன். கூப்பிடல."

பக்கத்துச் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளினேன்.

"இப்ப ரேடியோவுல ஒருத்தி தெனம் சாயங்காலம் கூப்பிடுறா, மலை கூப்பிடுது வாங்கன்னு. அவ வாயத் தொறந்தா நான் பின்வாசலுக்குப் போயி நின்னுடறேன் சார். அன்னைக்கி வந்தது அவருதானோ, நாமதான் விட்டுட்டமோன்னு."

எழுதியவன் நான்தான் என்று சொல்ல நினைத்தேன். வெட்கம் பிடுங்கியது. அவர் கூடையை இறக்கி வைக்கப் பத்தடி தள்ளிப் போனார், பனியில் மறைந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பத்து மணி.

"குணா."

என் பெயர்தான். அந்தச் சரிவில் யாருக்கும் தெரியாத பெயர். மணி ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் அலுவலகத்தில் இருந்தான். குரலும் தெரிந்த குரல். பதினொரு பேரில் நான் பொறுக்கி எடுத்த அதே குரல்.

முதல் மணிக்கே எடுத்துப் பழகியவனுக்கு வாய் எங்கே நிற்கும்? "இதோ வர்றேன்" என்றேன். சொன்னதோடு இரண்டு எட்டும் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து அஞ்சலை என் கம்பளிச் சட்டையைப் பிடித்து இழுத்தார். பனி கொஞ்சம் விலகியபோது என் காலுக்கு முன்னால் தேயிலை முடிந்து, கீழே வெறும் வெள்ளையாக இருந்தது. எவ்வளவு ஆழம் என்று நான் கேட்கவில்லை.

"பதில் சொல்லிட்டீங்களே சார்" என்றார். கோபமில்லை, இரக்கமாகத்தான் சொன்னார்.

அன்று முழுவதும் வெள்ளைத்தாளை எடுக்கவில்லை. மாற்றம் மாற்றம் என்று உயிரை வாங்குகிறார்கள் என மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். இப்போது நானே ஒரு மாற்றம் கேட்க வேண்டும். வானொலியில் ஓடுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். கேட்டால் வேலை போகலாம். கேட்காவிட்டால் தினமும் சாயங்காலம் ஒருத்தி பின்வாசலில் போய் நிற்பாள்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு மணியின் மோட்டார் சைக்கிளில் தானா ராத்தா தபால் நிலையம் போனேன். கோலாலம்பூரில் எங்கள் அலுவலகம் அன்று அரை நாள்தான். இருபது நிமிடம் காத்திருந்த பிறகு லைன் கிடைத்தது.

"பாஸ், அந்த டீ லைன மாத்தணும்" என்றேன்.

"அதான் மாத்தியாச்சே. நேத்து நீதானே போன்ல சொன்ன."

"நான் போன் பண்ணலயே."

"என்னடா விளையாடுற? காலையில பத்து மணிக்கு. ஒன் கொரலு எனக்குத் தெரியாதா? 'ஒரு தடவ கூப்பிட்டாலே போதும்.' நல்லா இருக்குன்னேன். திங்கக்கெழம ரெக்கார்டிங்."

எஸ்டேட் போன் அறுந்து கிடப்பதைச் சொன்னேன். பத்து மணிக்கு நான் எங்கே நின்றேன் என்பதையும், என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். பிறகு அவர் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

"பின்னால ஒரே காத்து சத்தம். எங்கேருந்து பேசுறன்னு கேட்டேன். நீ சொல்லல. அந்த வரியவே திரும்பத் திரும்ப சொன்ன. கடைசியில 'நீங்களும் வாங்க பாஸ்'னு சொன்ன."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வர்றேன்னு சொல்லிட்டேன் லா."

இரண்டு வரியையும் அவர் அன்றைக்கே நிறுத்தினார். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கும் முன் அஞ்சலையைப் பார்த்து, எழுதியவன் நான்தான் என்றும், இனிமேல் வராது என்றும் சொன்னேன். "பரவால்ல சார். ஆனா டவுன்லயும் மூணு தடவ கேட்டுட்டே பதில் சொல்லுங்க" என்றார்.

கோலாலம்பூரில் என் மேசையில் இப்போது ஒரே ஒரு தொலைபேசி. பள்ளிப் பை, மசாலாத் தூள் என்று சின்ன வேலைகள்தான் வருகின்றன. வரிகளை இப்போதும் தினம் மூன்று தடவை மாற்றுகிறார்கள். மாற்றிவிட்டுப் போகிறார்கள். மூன்றாவது மணிக்குத்தான் எடுக்கிறேன், முன்பிருந்த நல்ல பெயர் போய்விட்டது. அடிக்காத மணி இப்போது கேட்பதில்லை.

ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது, காலை பத்து மணிவாக்கில், ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. என் தொலைபேசியில், அடுத்து கண்ணாடி அறைக்குள் பாஸின் தொலைபேசியில். எழுதிக்கொண்டிருக்கிற கையை நிறுத்தி நான் அவரைப் பார்ப்பேன். அவரும் என்னைப் பார்ப்பார். இரண்டு பேரும் எடுப்பதில்லை. கூப்பிட்டது மனிதராகக்கூட இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றும். அப்போதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற அஞ்சலையை நினைத்துக்கொள்வேன்.