ரேடியோச் சங்கம் பிரிந்த பிறகு நாகு மாமா

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்கமாட்டேன். யாருக்காவது சங்கடமாக இருக்குமே என்று எதையும் விடவும் மாட்டேன், அது என் அப்பாவைப் பற்றியதாக இருந்தாலும்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தைய சனிக்கிழமை பிற்பகல், வாசலில் பள்ளிச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தேன். கிருஷ்ணப் பிள்ளை செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவர் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். வீட்டில் பேசுவது மலாய்தான், தமிழ் கொஞ்சம்தான் வரும். "கெனா லெத்ரிக்! நாகு கெனா லெத்ரிக்!" என்று கத்தினார். நாகுவை மின்சாரம் தாக்கிவிட்டது என்று சொன்னார். மின்சார நிலையத்தில் வயர்மேனாக இருக்கும் அப்பா, பனியனோடு ஓடினார். திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தார்.

எங்கள் ஊரான காஜா பெராங்கில் நம் ரேடியோச் சங்கத்தில் இருந்த எல்லோருக்கும் நாகு மாமாவைத் தெரியும். முழுப்பெயர் நாகரத்தினம். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். ரேடியோ அலையைப் பிடிக்கும் ஏரியல் கம்பியையும் மூக்கு நுனியிலிருந்து கை நுனிவரை நீட்டி, சேலை அளப்பதுபோலவே அளப்பார். "பார்டர் எந்தப் பக்கம் வரணும், நாகு?" என்று கேலி செய்வார்கள். "முந்தானைய உங்க வீட்டுக்கு அனுப்புறேன், வாங்கிக்கங்க" என்பார்.

நம் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் புதிதாகக் கம்பி கட்டவோ, செட்டைப் பிரிக்கவோ, எதையாவது செய்து பார்க்கவோ நினைப்பவர், அதை முதலில் சங்கத்தின் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைய வேண்டும். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக "சரி" சொல்ல வேண்டும். அப்பாவோடு போய் மூலையில் உட்காரும் எனக்கும் ஒரு "சரி" உண்டு. சொல்லாதவர் காரணம் சொல்ல வேண்டும்.

நாகு மாமா ஒருநாளும் சுலபமாகச் "சரி" சொன்னதில்லை. தந்தி அலுவலகத்தில் வேலை செய்யும் சாமுவேல் ஐயா ஒருமுறை தன் புது வால்வு ரேடியோ செட்டை வரைந்தார். நாகு மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இந்தக் கோடு ஏன் மண்ணுக்குள்ள போகுது?" என்றார்.

"எர்த் வயர், நாகு. போன வாரமும் இதையேதான் கேட்ட."

"போன வாரமும் புரியல, ஐயா. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டேன். வீட்டுக்குப் போனா தூக்கம் வரல."

எல்லோரும் சிரித்தோம். சாமுவேல் ஐயா சிரிக்கவில்லை. அன்று அந்த ஒரு கோட்டைப் பற்றிப் பேசியே கூட்டம் முடிந்துபோனது. தந்தி மொழி பழக வந்த இளைஞர்கள் தந்தி அடிக்கும் சாவியைத் தொடாமலே வீடு திரும்பினார்கள். கிருஷ்ணப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் மலாயில் சொன்னவரும் நாகு மாமாதான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, "இருங்க, இது எனக்கே புரியல" என்று மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

சங்கத்தைப் பிரிக்க வேண்டும் என்று சாமுவேல் ஐயா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் சொன்னதை எழுதாமல் விட்டால் இது உண்மையாக இருக்காது. "கூட்டம் பெருசாயிடுச்சு. தந்தி பழகுறவனுக்கு வால்வு கதை எதுக்கு? ரிப்பேர் தெரிஞ்சவங்க வர்றதையே நிறுத்திட்டாங்க. ஏன்? வந்தா ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கணும். அவங்க போயிட்டா சங்கத்துல மிச்சம் என்ன?" என்றார். தந்திக்கு ஒரு குழு, ரிப்பேருக்கும் மின்சாரத்துக்கும் ஒரு குழு, ஏரியலுக்கு ஒரு குழு. ஆளுக்கொரு நாள்.

கிருஷ்ணப் பிள்ளை, "பெச்சா பெச்சா, நந்தி ஹபிஸ் லா" என்று முணுமுணுத்தார். உடைத்துக்கொண்டே போனால் ஒன்றும் மிஞ்சாது என்பது அதன் பொருள். அன்று அதை யாருக்கும் தமிழில் சொல்ல நாகு மாமாவுக்கு மனமில்லை. எழுந்து நின்று இவ்வளவுதான் சொன்னார்: "நான் எந்தக் குழு? எனக்கு எல்லாத்துலயும் கொஞ்சங்கொஞ்சம் தெரியாது. எந்தத் தெரியாததுக்கு எந்த நாள் வர்றது?"

சிரிப்பு அடங்கியதும் கை தூக்கச் சொன்னார்கள். பிரிப்பதற்கே அதிகக் கைகள் எழுந்தன. அப்பாவும் தூக்கினார். நாள் முழுதும் மின்கம்பத்தில் ஏறி இறங்கும் அவருக்கு, மாலையில் எர்த் வயருக்கு விளக்கம் கேட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பிரிந்தபின் கூட்டங்கள் நன்றாகத்தான் நடந்தன. சீக்கிரம் முடிந்தன. அப்பாவோடு ரிப்பேர் குழுவுக்குப் போனேன்; பேசியதெல்லாம் பேசியவர்களுக்குப் புரிந்தது. மெர்டேக்காவுக்கு முந்தைய வாரத்தில் அங்கே அப்பா, "நம்ம சங்கத்துத் தெருவுல அலங்கார விளக்குக்கு லைன் இழுத்திருக்கோம். பல்பு இன்னும் மாட்டல, சில ஜாயின்ட்டுக்கு டேப்பும் சுத்தல. ஆனா சோதனைக்குப் பகல்லயும் கரண்ட் விட்டிருக்கு, யாரும் தொட்டுடாதீங்க" என்றார். எல்லோரும் "சரி" சொன்னோம்.

அதே வாரம் ஏரியல் குழுவில் நாகு மாமா தரையில் வரைந்தார். கோலாலம்பூரிலிருந்து வரும் மெர்டேக்கா ஒலிபரப்பைத் தெருவே கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. எதிர்ச்சாரித் தென்னைமரத்திலிருந்து சங்கக் கூரைவரை, தெருவுக்குக் குறுக்கே ஒரே கம்பி. உயரம் சரியா, நீளம் சரியா, திசை சரியா என்று எல்லாம் பார்த்தார்களாம். ஏரியல் தெரிந்தவர்கள் அவர்கள். ஏரியலில் எந்தப் பிழையும் இல்லை. அன்று நாகு மாமாவுக்குக்கூடக் கேள்வி எதுவும் வரவில்லை என்று கிருஷ்ணப் பிள்ளை பிறகு அழுதுகொண்டே சொன்னார்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. மரத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, நாகு மாமா கூரைப்பக்கம் நின்று மறுமுனையை இழுத்தார். கிருஷ்ணப் பிள்ளை கீழே தொங்கிய அலங்கார லைனைக் காட்டி, அது பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார். பல்பே இல்லாத வெறும் கம்பி என்று நாகு மாமா சொல்லியிருக்கிறார். ஈரமான செப்புக் கம்பி தொய்ந்து, டேப் சுற்றாத ஒரு ஜாயின்ட்டின்மேல் விழுந்தது.

இறுதிச் சடங்கன்று நாகு மாமாவின் மனைவி எங்கள் யாரையும் திட்டவில்லை. வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இவ்வளவு பெரிய சங்கம். அதுல ஒருத்தருக்குமா தெரியாம போச்சு?" என்று மட்டும் கேட்டார். அப்பா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். தெரியும் என்று சொல்லவும் அவரால் முடியவில்லை, தெரியாது என்று சொல்லவும் முடியவில்லை.

நேற்று அஞ்சலிக் கூட்டத்துக்கு மூன்று குழுக்களும் வந்தன. கிருஷ்ணப் பிள்ளை வரவில்லை. ஒரே அறைதான், ஆனாலும் அவரவர் குழுவோடுதான் உட்கார்ந்தார்கள். அப்பா எழுந்து, "மறுபடி ஒண்ணாச் சேர்ந்துடுவோம்" என்றார். யாரும் எதிர்க்கவில்லை, யாரும் ஆமோதிக்கவும் இல்லை. சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமே என்று பயந்தார்கள் என நினைக்கிறேன். சாமுவேல் ஐயாவின் கண் சிவந்திருந்தது. "குழுக்கள் இருக்கட்டும். ஒரு குழுவுல பேசுறது மத்தவங்களுக்குத் தேவைன்னா, உடனே தகவல் அனுப்பிடணும். அதை விதியாக்கிடுவோம். சரியா?" என்றார்.

சரி, சரி என்று வரிசையாக வந்தது. அப்பாவும் மிக மெதுவாகச் சொன்னார். அடுத்தது நான்.

நாகு மாமாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். புரியாததற்குத் தலையாட்டக் கூடாது. எல்லோரும் களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பக் காத்திருக்கும் நேரமாக இருந்தாலும் ஆட்டக் கூடாது.

"எனக்குப் புரியல, ஐயா. இது அவங்களுக்குத் தேவைன்னு தெரிஞ்சாத்தானே தகவல் அனுப்புவாங்க? அப்பாவுக்கு நாகு மாமா ஏரியல் கட்டப்போறது தெரியாது. நாகு மாமாவுக்கு லைன்ல கரண்ட் இருக்கிறது தெரியாது. யார் யாருக்குத் தகவல் அனுப்பியிருப்பாங்க?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமுவேல் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சும்மா. அடுத்த கூட்டத்துல பேசுவோம்" என்றார். எந்தக் குழுவின் கூட்டத்தில் என்று அவர் சொல்லவில்லை.

நாற்காலிகளை மடக்கினார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டன.