பொதுக் கிணற்றின் முதல் வாளி

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கருத்தரங்கு. 'பல்கலைக்கழகமும் சமூகமும் கைகோர்ப்போம்' என்று பதாகை கட்டியிருந்தார்கள். சமூகம் வந்திருக்கவில்லை, அதற்கு வயல் வேலை இருந்திருக்கும். எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல். மூடியைத் திருகி ஒரு மிடறு குடித்தேன், ராமாயி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நான் தற்காலிக உதவி விரிவுரையாளர். காற்சட்டையின் அகன்ற அடி நிலத்தைக் கூட்டும். தலைக்குள் உலகத்தைத் திருத்தும் யோசனைகள். எங்கள் பேராசிரியர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், மிக நல்ல மனிதர், அதுதான் சிக்கலே. கிராமத்து மக்களைப் 'பங்காளிகள்' என்றுதான் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

பல்கலைக்கழகத்தின் கிராம மேம்பாட்டுத் திட்டத்துக்காக, டீசல் மணக்கும் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போவோம். கிளிநொச்சிப் பக்கம், ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்தவர்கள். அந்தப் பக்கம், எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்து அதே வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். கிணறுகள் இந்தப் பக்கம் மட்டும். அந்தப் பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வந்து காத்து நிற்பார்கள். வீட்டுக்காரர் மனம் வந்தபோது அள்ளி ஊற்றுவார்கள். அந்தப் பெண்கள் வாளியைத் தொடக்கூடாது.

முதல் நாளே பேராசிரியர் அந்தப் பக்கம் போய் மண்ணில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். இந்தப் பக்கத்துச் சின்னத்துரையர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ சேர், நிலத்திலை இருக்கிறதே! எங்களுக்கெல்லோ மானக்கேடு. வாங்கோ, வீட்டிலை கதிரை கிடக்கு."

இப்படி அழைத்தால் எப்படி மறுப்பது? கூட்டம் கதிரைகள் இருந்த வீட்டுக்கு இடம் மாறியது. கதிரையில் இருந்தவர்கள் குழு ஆனார்கள். கதிரைகளின் சொந்தக்காரர் தலைவர் ஆனார். அந்தப் பக்கத்துச் சனம் வேலியோரம் நின்றது. பேராசிரியர் விடவில்லை. முன்னால் நின்ற ராமாயியைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தேவை, அம்மா?" என்று கேட்டார்.

"நாங்களே அள்ளிக்கிற மாதிரி ஒரு கெணறு வேணுங்கய்யா. வேற ஒண்ணும் வேணாங்க."

பொதுக் கிணறு என்று தீர்மானமாயிற்று. பாதுகாப்புக்காகத் தலைவரின் கண்பார்வைக்குள் வெட்டுவதென்றும் தீர்மானமாயிற்று. சீமெந்து எங்களுடையது. உழைப்பு சமூகத்தின் பங்களிப்பு என்றார் பேராசிரியர். ராமாயியின் ஆட்கள் இறங்கி வெட்டினார்கள். நானும் ஒருநாள் மண்வெட்டி பிடித்தேன். உள்ளங்கை கொப்பளித்ததும் ராமாயி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்குச் சின்னத்துரையர் வீட்டில் சமையல் அமர்க்களம். முதல் வாளியை ராமாயிதான் அள்ள வேண்டும் என்றார் பேராசிரியர். "அதுக்கென்ன சேர், நல்லா அள்ளட்டும்" என்று சின்னத்துரையர் சிரித்தார். அவள் அள்ளினாள். பேராசிரியர் கை ஏந்திக் குடித்தார், கண் கலங்கினார். அடுத்து நான், பிறகு சாரதி. படம் எடுத்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். பொதுக் கிணற்றடியில் பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றார்கள், ராமாயியும்தான். சின்னத்துரையரின் மகன் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நாங்கள் ஊத்திவிடுறம்தானே. அவையளுக்கு என்ன குறை?" என்றார் தலைவர்.

ராமாயி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி வந்து பேராசிரியரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, உள்ளூர் வழக்கத்துக்குள்ளை நாங்கள் கை வைக்கக்கூடாது. பிறகு அது பங்காளித்துவம் இல்லை."

அந்தத் திட்டம் வெற்றி என்றே முடிந்தது.

யுத்தம் முடிந்தபின் ஒருதடவை போய்ப் பார்த்தேன். சின்னத்துரையர் வீடு இல்லை, கதிரைகளும் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பற்றைக்காடு. வழியில் மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் ராமாயியை விசாரித்தேன். "அந்தப் பக்கத்துச் சனம் ஒருத்தரும் திரும்பி வரேல்லை" என்றார். கிணறு இருந்தது, தண்ணீரும் இருந்தது. அதில் ராமாயி தன் கையால் அள்ளியது திறப்பு விழாவன்று அந்த ஒரு வாளிதான். அதையும் நாங்கள் குடித்துவிட்டோம்.