வீட்டுக்கு வந்து சேராத பாத்திரம்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் ‘டங்’ என்று பெயர். பெரிய பாத்திரக் கடையில் விற்பனையாளர். எந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலும் அதைக் கவிழ்த்து, மோதிரம் போட்ட விரலால் அடியில் ஒரு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓசையைக் கேட்பார். பிறகு வாங்க வந்தவரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டுவார். அதற்கப்புறம் ஒருவரும் வெறுங்கையோடு திரும்பி நான் பார்த்ததில்லை. கடைக்கு நேர் எதிரே என் சலூன். முகத்தில் சோப்புடன் உட்கார்ந்திருப்பவர்கள்கூடக் கண்ணாடி வழியாக அத்தானின் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டூ வைக்க நல்ல பாத்திரம் வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனிதர் உட்காரவே மாட்டார்.

“ஸ்டூங்கறது அவசரக்காரங்களுக்கு ஆகாதுங்க. கறி மெதுவா வேகணும், கிழங்கு கரையக் கூடாது. தகடு மெல்லிசா இருந்தா நெருப்பு படற இடம் மட்டும் கொதிக்கும், மிச்ச இடம் வேடிக்கை பாக்கும். அடிகனமா இருந்தாதான் சூடு பரவும். வாய் ரொம்ப அகலமா இருந்தா தண்ணி வத்திடும். மூடி இறுக்கமா உக்காரணும். ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுத் தூக்கினா ஸ்டூ உங்க கால்ல இருக்கும்.”

அவ்வளவும் உண்மை. அத்தான் தன் வாழ்நாளில் வெந்நீர்கூட வைத்ததில்லை என்பதும் உண்மை. பிறகு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்றால், வீட்டில் அக்கா தன் பாத்திரத்தைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது. அவள் திட்டுவதை அப்படியே தலைகீழாகப் போட்டுக் கடையில் பேசுவார்.

அக்காவிடம் இருந்தது கல்யாணத்தின்போது வாங்கிய அலுமினியப் பாத்திரம். அடி தேய்ந்து தகடாகிவிட்டது. ஒரு கைப்பிடி எப்போதோ கழன்று போயிற்று. மூடி வேறொரு பாத்திரத்துக்குச் சொந்தமானது, அது எழும்பாமல் இருக்க மேலே ஒரு செம்பு தண்ணீர் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில்தான் ஸ்டூ. ஞாயிற்றுக்கிழமைதோறும் அது அடிபிடிக்கும். மதியச் சாப்பாடு எனக்கும் அங்கேதான் என்பதால் இந்த விவகாரத்தில் என் நாக்குக்கும் பங்கு உண்டு.

“ஊருக்கெல்லாம் அடிகனமா விக்கறார். என் அடுப்புல மட்டும் அப்பளம் மாதிரி ஒண்ணு,” என்பாள் அக்கா.

அத்தானுக்கு மனசில்லாமல் இல்லை. ஒரு தடவை அவளுக்கென்று நல்லதாக ஒன்றை எடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். மத்தியானமே ஒரு புதுமணத் தம்பதி வந்து, இதைவிட நல்லது இல்லையா என்று முகம் வாடிக் கேட்டார்கள். ஒளித்துவைத்தது வெளியே வந்துவிட்டது. இன்னொரு தடவை நிஜமாகவே வாங்கிப் பையில் போட்டு வீடு வரைக்கும் கொண்டுவந்தார். மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர், பையில் என்ன என்று சும்மா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அத்தான் அங்கேயே படியில் உட்கார்ந்து பாத்திரத்தை எடுத்துத் தட்டிக் காட்டினார். மேலே வந்து சேர்ந்தபோது பை மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அக்கா அந்தப் பையை மடித்து அவர் தட்டில் வைத்தாள்.

இப்படி இருக்கையில் கடை முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. புதிதாக அடிகனமான எவர்சில்வர் பாத்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் அடுப்பைப் போட்டு, அதில் ஒன்றில் ஸ்டூ வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் ருசி காட்ட வேண்டும். சமைக்கப்போவது அத்தான். சமைத்து முடித்த பாத்திரத்தை அவரே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

அத்தான் அன்று மாடிப்படியில் ஓடியே ஏறினார்.

“இந்த ஞாயித்துக்கிழமை வந்துடும். சத்தியமா,” என்றார்.

“அடுப்புல ஏத்தின பாத்திரத்தை யாரும் கேக்கமாட்டாங்க, அக்கா,” என்று நானும் சிபாரிசு செய்தேன்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வந்தா வெளக்கி வைக்கறேன்,” என்றாள்.

ஞாயிறு காலையில் அவளே கறி, கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாவற்றையும் நறுக்கி, எது முதலில் எது பிறகு என்று வரிசையாக டப்பாக்களில் போட்டுக் கடைக்கே கொண்டுவந்தாள். நான் சலூனைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். அத்தான் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி, நாலைந்தைத் தள்ளிவைத்து, கடைசியில் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இதான்,” என்றார். பத்துப் பேருக்குத் தாராளமாகப் போதும். பெண் பார்த்து முடித்தவர் மாதிரி அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

கேஸ் சிலிண்டரை உருட்டி வர அவர் பின்பக்கம் போனார். அக்கா பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனாள். உள்ளே குழாய் இருந்தது. குழாயை ஒட்டி, வாங்குகிறவர்களின் பெயரைப் பாத்திரத்தில் வெட்டித் தருபவர் தன் மெஷினோடு கொர்ரென்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. ஒரு பாத்திரத்தைக் கழுவ இவ்வளவு நேரமா என்று நினைத்தேன். பாத்திரத்தை அவள் கையாலேயே அடுப்பில் ஏற்றிவைத்தாள்.

“வாயை மூடிக்கிட்டுக் கிளறுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

வாயை மூடிக்கொள்வதா, அவரா. வெங்காயம் வதங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். கறி போட்டதும் கூட்டம் கூடியது. தீயைக் குறைத்து மூடியைப் போட்டு, “பாருங்க, ஆவி வெளியே வருதா? வராது. அது உள்ளேயே வேலை பாக்குது,” என்றார். கிழங்கும் கேரட்டும் உள்ளே போயின. மூடியைத் திறந்தபோது எழுந்த மணத்தில், கரண்டி விலை கேட்க வந்த ஆள்கூட நகராமல் நின்றுவிட்டார். கரண்டியால் அடிவரை துழாவிக் காட்டினார். கொஞ்சம்கூட ஒட்டவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆசை அப்படியே தெரிந்தது. எனக்கே மனசு குளிர்ந்தது.

எல்லோருக்கும் சின்னக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்து முடிந்தது. நர்ஸ் உடுப்பில் இருந்த ஒரு அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முன்னால் வந்தார்.

“இந்தப் பாத்திரம் எனக்கு வேணும்.”

“உள்ளே புதுசு இருக்குங்க, பெட்டியோட தர்றேன்,” என்றார் அத்தான். அதுவரைக்கும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“பெட்டிக்குள்ள இருக்கறது எப்படி இருக்குமோ. இதுல வெந்ததை நான் கண்ணால பாத்துட்டேன். இதையே குடுங்க.”

அத்தானின் கண்ணில் அந்தப் பழைய பளபளப்பு வந்தது.

“நீங்க சொல்றதும் நியாயம்தான். நூறு பாத்திரத்துல ஒண்ணுதான் இப்படி அமையும். உங்க கண்ணு அதைப் பிடிச்சிருச்சே,” என்றார். “எடுத்துக்கங்க.”

எனக்கு வந்த கோபத்தில், கையில் சவரக்கத்தி இல்லாதது நல்லதாகப் போயிற்று. அக்கா என்ன செய்யப்போகிறாளோ என்று திரும்பினேன். அவள் கிண்ணத்தில் இருந்த கடைசிக் கிழங்கை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

அத்தான் மீதி ஸ்டூவை டப்பாவில் ஊற்றினார். பாத்திரத்தின் உள்பக்கத்தை மட்டும் கழுவித் துடைத்தார். “ஓசையை மட்டும் ஒரு தடவை கேட்டுட்டுக் கொண்டு போங்க,” என்று சொல்லிக் கவிழ்த்து, விரலை ஓங்கினார்.

விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். “என்ன இது, ஏற்கெனவே யார் பேரோ வெட்டியிருக்கே.”

பாத்திரத்தின் அடியில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், கண் தெரியாதவர்கூடத் தடவிப் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் என் அக்காவின் பெயர் இருந்தது.

அத்தான் நிமிர்ந்தார். கூட்டத்தில் அக்காவைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“மன்னிச்சுக்கங்கம்மா,” என்றார் நர்ஸிடம். “இது என் வீட்டுக்காரியோடது. விக்கறதுக்கில்லை.”

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு உள்ளே இருந்த முதலாளியே வெளியில் வந்துவிட்டார். நர்ஸம்மா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியில் இருந்த புதியவற்றில் நாலைத் தன் கையாலேயே தட்டிப் பார்த்து ஒன்றை வாங்கிப் போனார்.

பாத்திரத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர், கையில் என்ன என்று கேட்டார். அத்தான் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினார். அக்கா அலுமினியப் பாத்திரத்தைக் குளியலறைக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தாள்.

அத்தான் அதைக் கவிழ்த்து, எழுத்தை விரலால் தடவிக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.

“பக்கத்துல என் பேரையும் சேத்து வெட்டியிருக்கலாமே,” என்றார்.

“வெட்டியிருப்பேன்,” என்றாள் அக்கா. “அப்புறம் உங்க பங்கை வித்துட்டு வந்து நிப்பீங்க.”