ஏழு வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னேன்

என் தம்பி கஜதீபனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகரத்து இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் பத்து வருடமாகப் பின்னேர வேலை. இரண்டரைக்குப் போனால் பதினொன்றரைக்கு வருவான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது இவன் வீட்டில் இல்லை. இவன் வரும்போது அவர்கள் நித்திரை. சரி, சனி ஞாயிறாவது இருக்கிறதே என்றால் அதையும் எங்கள் தமிழ்ச் சங்கம் கொண்டுபோய்விடும். பிறந்தநாளோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, கலைவிழாவோ, ஸ்பீக்கர் பெட்டி தூக்க, மைக் பூட்ட, கடைசியில் மண்டபம் கூட்ட எல்லாவற்றுக்கும் கஜன்தான். யார் கூப்பிட்டாலும் "ஓம் அண்ணை, வாறன்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பெப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. அவன் மனைவி நிலக்சி ஆஸ்பத்திரியில் தாதி, அன்று அவளுக்கு வேலை. அதனால் இவன் முதல் தடவையாக லீவு எடுத்துக்கொண்டு போனான். மகள் அபிதாவுக்குப் பன்னிரண்டு வயது. 'எங்கள் குடும்பம்' என்று அவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாளாம். அதில் அம்மா இருந்தாள், தம்பி கபிலன் இருந்தான், பக்கத்து வீட்டு நாய்கூட இருந்தது. வகுப்பு ஆசிரியை நல்ல மனுஷி, மெதுவாகத்தான் கேட்டாளாம்: "நீங்கள் பிள்ளைகளோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்களா?"

அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், தொடவில்லை.

"அக்கா, நாயை எழுதியிருக்கிறாள்," என்றான். "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் அழுதேன். அவனும் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஈஸ்டர் லீவில நாலு நாள். நானும் பிள்ளையளும் மட்டும். முதுகில பையைப் போட்டுக்கொண்டு நடக்கப்போறம்," என்றான்.

"உனக்கென்ன விசரே? கடைக்கே காரில போறனி!"

"அவளுக்கு அதுதான் விருப்பம். சாரணர் படையில மூண்டு வருசமா இருக்கிறாள். நான் ஒருநாளும் போய்ப் பாக்கேல்லை."

மறுநாள் காலை ஆறரைக்கு எழும்பி, குசினி மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அபிதா பாலுக்கு வந்தாள். "எனக்கு ஒண்டும் தெரியாது. நீதான் சொல்லித் தரவேணும்," என்றானாம். அவள் சந்தேகமாகப் பார்த்து, டேனிஷில், "வேலை?" என்று கேட்டாள். லீவு போட்டாச்சு என்றான். "ஸ்பீக்கர்?" என்றாள். அதுவும் இல்லை என்றான். அப்போதுதான் அவள் பென்சிலை எடுத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறரை. விபோர்க் என்ற ஊரில் தொடங்கித் தெற்கே போகும் பழைய பாதை. கபிலனுக்கு எட்டு வயதுதான் என்பதால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். இரவில் படுக்க, மூன்று பக்கம் பலகையும் ஒரு பக்கம் திறப்புமாக வழியில் கட்டிவிட்டிருக்கும் குடில்கள். ஏப்ரல் குளிரில்! நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவருடைய பை அவருடைய நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று அபிதா சட்டம் போட்டாள். கொளுவி நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றும் வாங்க வைத்தாள். இந்தப் பேயன் முதல் நாள் பைக்குள் என்ன வைத்தான் தெரியுமா? ரைஸ் குக்கர். காட்டுக்குள் கரண்டை எங்கே கொளுவுவது என்று கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். "அக்கா, என்னைப் பாத்துச் சிரிச்சவள்," என்று எனக்குப் போன் எடுத்துச் சொன்னான், ஏதோ லொத்தர் விழுந்தவன் மாதிரி.

அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவள் நான்.

சங்கத் தலைவர் பாலேந்திரா அண்ணை போன் எடுத்து, ஈஸ்டர் சனிக்கிழமை ஒன்றுகூடலுக்குக் கஜன் இன்னும் ஓம் சொல்லவில்லையே என்று கேட்டார். பள்ளிக்கூடக் கதையை நான் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் பெருமை தாங்காமல், "அவன் பிள்ளையளோட விபோர்க்கில இருந்து நாலு நாள் நடக்கப்போறான் அண்ணை!" என்றுவிட்டேன். எங்கள் ஆட்களிடம் பயணம் போகிறேன் என்றால் அது வாருங்கள் என்று கூப்பிட்ட மாதிரித்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வாய் நிற்கவில்லையே, கோதாரி விழுந்த வாய்!

அன்று பின்னேரமே சங்கத்து வாட்ஸ்அப்பில் 'ஈஸ்டர் குடும்ப நடைப்பயணம்' என்று வந்துவிட்டது. ஏழு குடும்பம், மூன்று வான். ஆட்டுக்கறி ஒருவர் பொறுப்பு, கொத்துரொட்டித் தட்டு இன்னொருவர். கடைசி வரியில், ஸ்பீக்கர்: கஜன்.

அபிதா அதைத் தாயின் போனில் பார்த்திருக்கிறாள். வரைபடத்தை நாலாக மடித்துத் தகப்பனின் தலையணையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

தம்பி குழுவில் எழுதினான்: 'தயவுசெய்து ஒருவரும் வரவேண்டாம்.' பதினாலு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். 'பகிடி இல்லை' என்று மறுபடி எழுதினான். இன்னும் ஒன்பது சிரிப்பு. வாழ்நாளில் மாட்டேன் என்று சொல்லாதவன் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் காலை ஆறரைக்கு அவன் எழும்பினான். வரைபடத்தை விரித்துவிட்டுத் தனியே இருந்தான். அவள் பாலைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். நிலக்சி எனக்குச் சொன்னபோது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது.

செய்தவள் நான், அவிழ்க்கவேண்டியவளும் நான். போனை எடுத்தேன். ஏழு வீடு. முதல் வீட்டில், "ஏன், எங்களோட வாறது உங்கட தம்பிக்கு வெக்கமோ?" என்று கேட்டாள். இரண்டாவது வீட்டில் ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைத்தாச்சாம். "ஆட்டை நீங்களே சாப்பிடுங்கோ," என்றேன். இன்னொருத்தி மூச்சு விடாமல் என்னைத் திட்டிவிட்டு வைத்தாள்; வைத்தவளுக்குத் திரும்ப எடுத்து, "கேட்டது விளங்கினதோ? வரவேண்டாம்," என்றேன். நான் முப்பது வருடம் பழகிய சனம். வாங்கோ என்று சொல்லிப் பழகிய வாயால் வரவேண்டாம் என்று சொல்வது லேசுப்பட்ட வேலையில்லை.

கடைசியாகப் பாலேந்திரா அண்ணை. அவர் சிரித்தார்.

"சரி பிள்ளை, நாங்கள் நடக்கேல்லை. மத்தியானத்தில வானைக் கொண்டுவந்து சாப்பாட்டை மட்டும் குடுத்திட்டுப் போறம். பச்சைப் பிள்ளையள் பசி கிடக்கிறதே?"

எனக்கு வந்ததே கோபம். "அண்ணை, அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டாம்! தகப்பன் வேணும்! பத்து வருசமா நீங்களும் நானும் அந்தத் தொழிற்சாலையுமாச் சேந்து அவனை வைச்சிருந்தது காணும். நாலு நாள் விடுங்கோ!"

இவ்வளவு காலத்தில் நான் அவரோடு குரல் உயர்த்தியதில்லை. பிறகு அவர், "எத்தினை மணிக்கு வெளிக்கிடுகினம்?" என்றார்.

"ஏன் அண்ணை?"

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகாமப் பாக்கிறன்."

அன்று இரவே குழுவில் பயணம் நின்றது. மறுநாள் காலை ஆறரைக்கு அபிதா வந்து கதிரையை இழுத்துப் போட்டு, தகப்பனைப் பார்க்காமலே, எங்கே விட்டோம் என்று கேட்டாளாம்.

புறப்பட்ட அன்று நான்தான் அவர்களை விபோர்க்கில் கொண்டுபோய் இறக்கினேன். பொய் சொல்லக்கூடாது, புட்டும் மீன்குழம்பும் பார்சல் கட்டிக்கொண்டுதான் போனேன். அபிதா தராசை எடுத்துக் கொளுவிப் பார்த்து, "ஒரு கிலோ எண்ணூறு, கூடிப்போச்சு" என்று திருப்பி என் கையில் தந்தாள். தம்பி சிரிப்பை அடக்கப் பாடுபட்டான். பிறகு அவள் அவனைத் திருப்பி நிறுத்தி, இடுப்புப் பட்டியை இழுத்து இறுக்கிவிட்டாள். நாற்பத்துமூன்று வயது ஆம்பிளை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். காற்று முகத்தை வெட்டியது.

அபிதாவைத் தனியே கூப்பிட்டேன். என்னோடு மட்டும் அவள் தமிழில் கதைப்பாள், வேறு வழியில்லை, நான் டேனிஷுக்குப் பதில் சொல்லமாட்டேன். "பிள்ளை, ஏதும் எண்டால் உடன எனக்குப் போன் அடி. நான் இரவு பகல் போனைக் கையிலயே வைச்சிருக்கிறன்," என்றேன்.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"ஏன் மாமி? அப்பா நிக்கிறார்தானே?"

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கஜன் பாதைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனுக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டுச் சொல்ல வாய் துடித்தது. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு காருக்குள் ஏறினேன்.