குடிக்காதவர் ஊதிய மூச்சு

திருச்சுழியில் கோயில் கொண்ட பெருமானே, நாவில் நின் நாமம் இருக்கும்போதே பொய்யை எழுதிய கை இது. இன்று மெய்யை எழுதும்படி நீயே இதைப் பிடித்து நடத்துவாயாக.

இன்று ஆனி உத்திரம். ஆடவல்லானின் திருமஞ்சனம் கண்டு வீடு திரும்பியிருக்கிறேன். நெற்றியின் நீறு உலர்வதற்குள் தொடங்கிவிட வேண்டும். நாளை என்று வைத்தால் மீண்டும் கோழையாகிவிடுவேன்.

கைக்குள் அடங்கும் கறுப்பு நிறக் கருவி அது. மேல்முனையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழல், நடுவில் எண் தெரியும் சிறு திரை. வாய் வைத்து ஊதினால், ஊதியவர் குடித்திருக்கிறாரா என்று சொல்லிவிடும். அருப்புக்கோட்டையில் நான் தலைமை எழுத்தராக இருந்த பள்ளியில், மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, பள்ளி நாள்தோறும் காலை ஆறே காலுக்கு ஒருவர் என் மேசை முன் நின்று அதை ஊதினார். அவர் எங்கள் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். "ஊதட்டுமாய்யா?" என்று கேட்பார். நான் தலையசைப்பேன். கன்னம் புடைக்க ஊதுவார். திரையில் பூச்சியம் வரும். பதிவேட்டில் அதை எழுதி நான் கையெழுத்திடுவேன், கீழே அவரும் இடுவார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "வாரேன்யா" என்று படியிறங்கிப் போவார். தம் வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தறியாதவர் அவர். அவரைக் குடிகாரராக்கியது என் பேனா.

இருபது ஆண்டுகளாக அந்தப் பேருந்தை ஓட்டியவர். பாலவனத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவார். அவளை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்காரவைத்து, திருச்சுழி வழியாக வீரசோழன் வரை போய்ப் பிள்ளைகளை ஏற்றிவருவார். எந்தப் பிள்ளைக்குக் குமட்டும், எந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஏறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். திங்கட்கிழமைகளில், பேருந்து திருச்சுழிக் கோயிலைக் கடக்கும்போது இறங்கி, என் பூசைக்காக ஒரு கை வில்வம் வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருவார். நான் கேட்டதில்லை. பதிகம் பாடுகிறவன் என்று யாரோ சொல்லக் கேட்டு அவராகத் தொடங்கிய வழக்கம் அது.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக இருந்தாள். தில்லிக்கு அருகே உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். அங்கே மதிப்பெண் மட்டும் போதாது. தான் கடந்துவந்த ஓர் இடரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தன்வரலாற்றுக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். கட்டுரை பிடித்துப்போனால் கட்டணமே இல்லாமல் படிக்கலாம். ஓட்டுநர் அவளை என்னிடம் அழைத்துவந்தார்.

"ஐயா, புள்ள தன் கதைய எழுதணுமாம். அதான் மார்க்கு இருக்கே, பெறகு எதுக்குக் கதைன்னு கேட்டேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருப்பாங்குறா. நீங்க ஒரு பார்வை பாத்து விடுங்க."

இரண்டு தாள்களில் தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில், திருச்சுழியைத் தாண்டிய ஓர் ஓடையருகே பேருந்து கரிசல் சேற்றில் புதைந்துவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தந்தை பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி மேட்டுச் சாலையில் விட்டுவந்தார். தன்னை முதலில் தூக்கும்படி அவள் அழுதாள். "நீ எம்மக. நீ கடைசியாத்தான் வரணும்" என்றார் அவர். வெற்றுப் பேருந்தில் தனியே நின்ற அந்தச் சிறு பொழுதையும், ஒரு வாரம் தந்தையோடு பேசாமல் இருந்ததையும், பின்பு ஒருநாள் அந்தச் சொல்லின் பொருள் தனக்கு விளங்கியதையும் எழுதியிருந்தாள்.

இன்று படித்தால் கண் நிறைகிறது. அன்று எனக்கு அது சப்பென்றிருந்தது. இதில் இடர் எங்கே இருக்கிறது, எங்கள் பக்கம் மழை பெய்தால் வண்டி சேற்றில் சிக்குவது வழக்கந்தானே என்று நினைத்தேன். நாற்பது ஆண்டுகள் மனு எழுதியவன் நான். கட்டணச் சலுகை கேட்ட பெற்றோருக்காகவும், உதவித்தொகை கேட்ட கைம்பெண்களுக்காகவும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். துன்பத்தை ஒரு பிடி கூட்டி எழுதினால் கையெழுத்து விரைவில் கிடைக்கும் என்பது என் அனுபவம். அதோடு, இளமை முதல் ஓதிய பதிகங்களும் எனக்கு ஒன்றைக் கற்பித்திருந்தன. அல்ல, கற்பித்ததாக நான் எண்ணிக்கொண்டேன். இறைவன் திருமுன் நின்று பாடிய பெரியோர் தம்மைக் கடையர் என்றும் பொய்யர் என்றும் செய்யாத பிழைகளைச் செய்தவர் என்றும் சொல்லி அழுதார்கள், அருள் கிடைத்தது. தாழ்ந்து கேட்பதே கேட்கும் முறை என்று முடிவுசெய்தேன். அவர்கள் தாழ்த்தியது தம்மை. நான் தாழ்த்தியது இன்னொருவரை. இந்த வேறுபாடு அன்று என் புத்தியில் உறைக்கவில்லை.

மழையையும் ஓடையையும் எடுத்துவிட்டு, பொழுது சாயக் குடித்துவிட்டு வரும் தகப்பனை எழுதினேன். அவர் தெருவில் எறிந்த புத்தகங்களைப் பொறுக்கி எடுத்துப் படிக்கும் மகளை எழுதினேன். என் ஆங்கிலத்தில் அதுவே ஆகச் சிறந்த பத்தி என்று இரண்டு முறை வாய்விட்டுப் படித்து மகிழவும் செய்தேன்.

அவள் படித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தாள். "எங்கப்பா குடிக்க மாட்டாகய்யா" என்றாள்.

"தெரியும் தாயி. கோயில்ல நின்னு நாயேன், நாயேன்னு பாடுறோமே, நாம என்ன நாயா? கேக்குறவுக மனசு எளகணும்ல, அதுக்குத்தான்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"இங்கிலீசுல இருக்கது அவருக்கெப்படித் தெரியும்? நானும் சொல்லப்போறதில்ல, நீயும் சொல்லாத."

பதினேழு வயதுப் பெண், தகப்பனே கைகாட்டிய பெரியவரின் பேச்சை எப்படித் தட்டுவாள்? அனுப்பினாள். இடம் கிடைத்தது. அன்று ஓட்டுநர் என் கால்களைத் தொட வந்தார், நான் தடுத்தேன். அடக்கத்தால் தடுத்ததாக அவர் நினைத்திருப்பார்.

அவள் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் கழித்து, மாசியில் பள்ளி ஆண்டு விழா. அவள் கட்டுரையைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் வெளியிட்டிருந்தது. எனக்கு அது தெரியாது. எங்கள் ஆங்கில ஆசிரியை அதைக் கண்டுபிடித்து, தமிழாக்கி, விழா மேடையில் வாசித்தார். ஓட்டுநருக்குத் துண்டு போர்த்தி முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. "என் தந்தை குடித்துவிட்டு வரும் மாலைகளில்" என்று அந்தப் பத்தி தொடங்கியபோது, வேறு யாருடைய தந்தையோ என்பதுபோல் அவர் இருபுறமும் பார்த்தார். பிறகு குனிந்து தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த நானும் தட்டினேன்.

மறுநாளே பெற்றோர் சிலர் வந்துவிட்டார்கள். "குடிகாரன் ஓட்டுற வண்டியில எம்புள்ளைய ஏத்த மாட்டேன்" என்று ஒருவர் அலுவலகத்தில் நின்று கத்தினார். பள்ளிச் செயலர் ஓட்டுநரை ஆளனுப்பி அழைத்தார். உள்ளே போகுமுன் நடைவழியில் என்னை நிறுத்தினார் ஓட்டுநர்.

"ஐயா, அதுல எழுதியிருக்கது பொய்யின்னு ஆச்சுன்னா புள்ள சீட்டு போயிருமா?"

இதை எழுதியவன் நான் என்று சொல்ல அதைவிடத் தக்க இடம் வாய்த்திருக்காது. "போயிரலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் உள்ளே போனார். நானும் பதிவேட்டோடு பின்னால் போனேன். செயலர் கேட்டதற்குக் கைகட்டி நின்று சொன்னார்: "முன்னால குடிச்சேன் சார். இப்ப விட்டுட்டேன்." இருபது ஆண்டுகால உழைப்பை எண்ணி வேலையை விட்டு நீக்கவில்லை. கருவி ஒன்று வாங்குவது, நாள்தோறும் தலைமை எழுத்தர் முன்னிலையில் அவர் ஊதிய பின்பே சாவியைக் கொடுப்பது என்று முடிவானது.

அன்று மாலை மகள் தொலைபேசியில் அழைத்தாள். யாரோ தோழி சொல்லியிருக்கிறாள். "நான் உண்மையச் சொல்லிரட்டாய்யா?" என்று அழுதாள்.

"படிப்ப முடி தாயி. எம்பேரும் இதுல வர வேண்டாம்."

"அப்பா கேட்டா என்ன சொல்ல?"

"நீயே எழுதுனதாச் சொல்லிரு."

அவள் படிப்புக்காகச் சொன்னேன் என்று நெடுநாள் என்னையே ஏமாற்றி வந்தேன். என் பெயரைச் சொல்லட்டுமா என்று அவள் கேட்கவில்லை, நானாகத்தான் ஒளித்தேன். அந்தப் பெண் நான் சொன்னபடியே தந்தையிடம் சொன்னாள்.

அதன்பின் நாள்தோறும் காலையில் அந்தக் கருவி. எங்கள் அலுவலகப் பணியாள் ஒருவன் வாய்த்துடுக்கானவன். "ஏண்ணே, நேத்து வெளியூர்ச் சரக்கா, உள்ளூர்ச் சரக்கா?" என்பான். "ஏலே, நீ ஊதுனா மிஷினு தீப்பிடிச்சிரும், தள்ளி நில்லு" என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள். பூச்சியம் வந்தால்கூட, "இன்னிக்கு மட்டும் குடிக்கலபோல" என்றுதான் பேச்சு. திங்கட்கிழமை வில்வம் மட்டும் நிற்கவில்லை. அதே ஈரத்துணியில் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டு நான் அருச்சித்தேன். எந்த முகத்தோடு அருச்சித்தேன் என்று பெருமான்தான் அறிவான்.

ஒருநாள் ஊதி முடித்தவர் சாவியை எடுக்காமல் நின்றார். "புள்ள மனசுல எங்கயோ என்னையப் பத்தி அப்பிடி ஒண்ணு இருந்திருக்குய்யா. இல்லாமயா எழுதும்? நான் எப்பக் கோவிச்சுப் பேசுனேன், எப்பப் புத்தகத்தத் தட்டி விட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார். ஊரார் பேச்சு அவரைத் தொடவே இல்லை. அவரை அரித்தது மகள் எழுதினாள் என்ற அந்த ஒன்றுதான். நான் குனிந்து பூச்சியம் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இந்த ஆண்டு அவள் பட்டம் பெற்றாள். பெற்ற கையோடு, அந்தக் கட்டுரை உண்மை அன்று, அதை அனுப்பியது தன் பிழை, என்ன முடிவானாலும் தனக்குச் சம்மதம் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டாள். அவர்கள் கட்டுரையை நீக்கினார்கள், பட்டத்தை விட்டுவைத்தார்கள். எனக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, "ஒங்க பேர யார்ட்டயும் சொல்லலய்யா, பயப்படாதீக" என்றாள். இருபத்தொரு வயதுப் பெண், எழுபதை நெருங்கும் என்னைப் பார்த்துச் சொன்னாள், பயப்படாதீர்கள் என்று.

அதே மாதம் நான் பணி ஓய்வு பெற்றேன். பள்ளிக்குப் புதுக் கருவி வந்திருந்தது. கழித்துப் போட்ட பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அதையும், என் பதிகப் புத்தகத்துக்குள் இத்தனை நாள் இருந்த அவளுடைய இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பாலவனத்தம் போனேன். ஓட்டுநர் வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். மோரைக் குடிக்காமலே சொன்னேன். நான் எழுதியதையும், அவள் மறுத்ததையும், அவளைப் பொய் சொல்லவைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் வைவார் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றும் சொல்லலாம். அவரோ என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப எம்மக எழுதலியா?"

"இல்ல. இந்தா, அவ எழுதுனது இதுதான்" என்று தாள்களை எடுத்து, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். ஓடைக்கு வந்தபோது அவர் எழுந்துவிட்டார். "ஏ இவளே, இங்கிட்டு வா! புள்ள எழுதலியாம்! ஐயாதான் எழுதுனாகளாம்!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கூவினார். என் குற்றத்தை அத்தனை மகிழ்ச்சியோடு ஒருவர் அறிவித்து நான் கேட்டதில்லை. மனைவி ஈரக்கையோடு ஓடிவந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "திரும்பப் படிங்க" என்றார் ஓட்டுநர். படித்தேன். "பதினாலு இல்லய்யா, பதினாறு புள்ளைக" என்று ஓர் இடத்தில் திருத்தினார்.

பிறகு கட்டிலில் கிடந்த கருவியை எடுத்தார். பழகிய கை, பொத்தானை அழுத்திக் குழலை என் பக்கம் நீட்டினார். "ஊதுங்க."

"நானா?"

"மூணு வருசம் நான் ஊதுனேன்ல? ஒருவாட்டி நீங்க ஊதுங்க."

நீறணிந்த நெற்றியோடு, அவர் மனைவியும் பக்கத்து வீட்டாரும் பார்த்திருக்க, ஊதினேன். திரையைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். "பூச்சியம்" என்றார். குழலைத் துண்டால் துடைத்தார். "நல்ல மிஷினுதான்யா. சாராயத்த மட்டுந்தான் கண்டுபிடிக்கும்." என் கையில் அதைத் திருப்பி வைத்து, "மோரக் குடிங்க, சூடாயிரும்" என்றார்.

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இன்று காலை செயலரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். தந்தையும் மகளும் இசைந்த பின்பே இதையும் எழுதுகிறேன். நாளை காலை ஆறே காலுக்கு அவர் ஊத வேண்டியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. கருவி இப்போது என் பூசை அலமாரியில், வில்வத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாடத் தொடங்குமுன் என் கண் முதலில் அதன்மேல்தான் படுகிறது. என்னைக் கடையன் என்று பாடும் வரி வரும்போது, முதன்முறையாக, அது மிகையாகத் தோன்றவில்லை.

இதைப் படித்த அனைவர் நிலத்திலும் மழை பொழிக. உங்கள் பிள்ளைகள் உங்களைப் பற்றி எழுதுவதெல்லாம் மெய்யாகவும், அந்த மெய் உங்கள் செவிக்கு இனியதாகவும் அமைக. திருச்சுழிப் பெருமான் உங்கள் நற்பெயரைக் காத்தருள்வானாக.