பிச்சாட்டூர் ஏரிக்கரையில் என் மகள் கற்ற தெலுங்கு

ஆந்திராவில் திருப்பதி பக்கம் உள்ள ஏர்பேட்டுக்கு நாங்கள் குடிவந்து ஐந்து மாதம் ஆகியிருந்த ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, பிச்சாட்டூர் ஏரிக்குப் போனோம். ஊர் சுற்றும் ஆசையில் போகவில்லை. மகளை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்கே திரும்பிவிடுவது என்று நான் முடிவெடுத்திருந்த வாரம் அது.

என் கணவர் சரவணனுக்கு இங்குள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று வருட வேலை. மலேசியாவிலிருந்து புறப்படும்போது எல்லோரும், "இந்தியாதானே, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார்கள். நானும் நம்பினேன். வந்து பார்த்தால் பால்காரர், மருந்துக்கடை, கேஸ் ஆபீஸ் எல்லாம் தெலுங்கு. என்னைச் சென்னைக்காரி என்று நினைத்துப் பாதித் தமிழில் பேசுவார்கள். என் மலேசியத் தமிழைக் கேட்டதும் அதுவும் நின்றுவிடும். சரவணன் ஷிப்டு முடிந்து வரும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போன நாட்கள் உண்டு.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். யாழினி விஷயம்தான் தாங்கவில்லை. அவளுக்கு ஐந்து வயது. பள்ளியில் சேர்ந்த புதிதில், ஒன்றுக்குப் போகவேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டு வழக்கப்படி "ஷீ ஷீ" என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே அவள் வாயைத் திறக்கவில்லை. மாலைவரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். காய்ச்சல் வந்து திருப்பதியில் டாக்டரிடம் காட்டியபோதுதான் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. திரும்பும் பஸ்ஸில் என் மடியில் படுத்துக்கொண்டு, "கேட்டா எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்றாள்.

"டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது மூணு பேரும் வெளிய போயிட்டு வருவோம்" என்றார் சரவணன். "ஆஸ்பத்திரியும் மார்க்கெட்டும் தவிர நீ இங்க எதையுமே பார்க்கலையே."

காலை ஏழரைக்கு ரேணிகுண்டா பஸ். அங்கிருந்து புத்தூர், புத்தூரில் ஊத்துக்கோட்டை போகும் பஸ் பிடித்து பிச்சாட்டூர். காத்திருந்த நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆனது. புத்தூரைத் தாண்டியதும் பாறை மலைகள் கூடவே வருகின்றன. இடதுபக்க ஜன்னலில் யாழினி மூக்கை ஒட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரிக்கு ஆட்டோ. ஓட்டியவர் தமிழிலேயே பேசினார். "மலேசியாவா? அங்கேர்ந்து ஏர்பேட்டுக்கா? இன்னாத்துக்கு?" என்று அவர் கேட்டபோது, மாதக்கணக்கில் இல்லாத சிரிப்பு எனக்கு வந்தது.

மழைக்குப் பிறகு ஏரி நிரம்பிக் கிடந்தது. கரையோரம் ஒரு பெண் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். பெயர் தேவி, என் வயதுதான் இருக்கும். அவள் மகள் மௌனிகா ஒன்றாம் வகுப்பு. நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் யாழினி கால்களைப் பின்னிக்கொண்டு நெளிய ஆரம்பித்தாள்.

"பாப்பா ஏன் இப்டி நெளிஞ்சிக்கினு கீது?" என்றாள் தேவி. நான் மெல்ல எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாதவளிடம் அவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம்.

தேவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ கடல் தாண்டி வந்துகீற. நான் கண்ணாலம் ஆயி ஊத்துக்கோட்டலர்ந்து வந்தவ. தோ, அந்தாண்ட, பார்டர் தாண்டுனா தமிழ்நாடு. அதுக்கே ஆபீசுல தெலுகுல கேட்டாங்கன்னா வாயத் தொறக்க மாட்டேன். அழுதுக்கினே ஊட்டுக்கு வருவேன்."

பேச்சில் இருந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் குழந்தைகள் இரண்டும் இல்லை. எதிரே அத்தனை தண்ணீர். சரவணன் கரைக்கு ஓட, நானும் தேவியும் கரையை ஒட்டியிருந்த அவள் வீட்டுப் பக்கம் ஓடினோம்.

பின்புறம் மௌனிகா ஒரு குச்சியோடு டீச்சராக நின்றிருந்தாள். எதிரே யாழினி, சுண்டுவிரலை உயர்த்திக்கொண்டு.

"டீச்சர், ஒண்டிக்கி" என்றாள் யாழினி, காதில் விழாத குரலில். நம் "ஒன்றுக்கு"தான், தெலுங்கில்.

"கெட்டிகா செப்பு!" சத்தமாகச் சொல் என்று அதட்டினாள் மௌனிகா.

"டீச்சர், ஒண்டிக்கீ!"

"சரே, போ!" குச்சி கழிவறையைக் காட்டியது. யாழினி ஓடினாள். வெளியே வந்ததும் குச்சியை வாங்கிக்கொண்டு அவள் டீச்சரானாள். பிறகு மறுபடியும் மௌனிகா. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தேவி என் தோளைத் தட்டி, "வா, மீனு ஆறிப்போவுது, துன்னு" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: மழை முடிந்த மாதங்களில் போங்கள், வெயிலில் நிழல் குறைவு. குழந்தைகளைத் தண்ணீரோரம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை பஸ்ஸில் கூட்டம் அதிகம், மதியமே கிளம்பிவிடுவது நல்லது. குடும்பத்தோடு வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும் ஒன்று: எழுத்தும் எண்ணும் பிறகு வரட்டும். பசி, வலி, தண்ணீர், கழிவறை, இந்த நான்குக்கும் அந்த ஊர்க் குழந்தைகள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிக்கெட் போடுவதை ஒரு வாரம் தள்ளிவைத்தேன். திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல அடக்கிக்கொண்டே வந்தாள். புதன்கிழமை பள்ளி வாசலில் டீச்சரே என்னைத் தேடி வந்தார். "மேடம், பாப்பா இன்னைக்கு அடிகிந்தி! பெத்தகா கேட்டுச்சி!" என்றார், தெரிந்த தமிழையும் தெலுங்கையும் கலந்து. வாய்விட்டுச் சத்தமாகவே கேட்டாளாம்.

வீட்டுக்கு நடக்கும்போது யாழினியிடம் கேட்டேன். "யாராவது சிரிச்சாங்களாடா?"

"ஒரு பையன் சிரிச்சான்மா" என்றாள். "ஆனா எனக்கு அவசரம்."