ஆழிக்கு அளவு எடுத்தவள்

சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது லீலாபாயின் தையல் கடை. பள்ளிக்கூடங்களில் மாறுவேடப் போட்டி வந்துவிட்டால் அந்த மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. காந்தி, மாவேலி ராஜா, தென்னை மரம் எல்லாம் அங்கே தையல் வேலை பார்க்கும் தாசம்மாள் தைத்ததுதான். ஒரு முறை ஒரு அம்மா வந்து, மகனுக்கு மழைமேகம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதையும் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தாள் தாசம்மாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளால் தைக்க முடியாத உடம்பு என்று ஒன்று வந்ததில்லை, அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

அன்று வந்தவள் விஷ்ணுப்ரியா. கரமனை அக்ரகாரத்துப் பெண், கல்லூரியில் கடைசி வருஷம். வந்ததும் வராததுமாகத் தன் டேப்லெட்டை வெட்டுமேஜை மேல் வைத்தாள். படத்தில் ஒரு பெண் கடலுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இவ பேரு ஆழி, ஆன்ட்டி. என்னோட காமிக்ஸ் ஹீரோயின். சனிக்கிழமை எங்க காலேஜ்ல காமிக்ஸ் விழா, நானே ஆழியா வேஷம் போடப்போறேன். இதே மாதிரி தைச்சுத் தரணும்."

ஆழியின் கதையையும் அவளே சொன்னாள். பகலில் தாலுக்கா ஆபீசில் கிளார்க். சங்குமுகத்தில் கடல் ஏறி வந்து வீடுகளை இழுக்கும்போது, ஃபைல் அலமாரிக்குப் பின்னால் போய் உடுப்பை மாற்றிக்கொண்டு பறந்துபோவாள். ஒற்றைக் கையால் அலையைத் தடுத்து நிறுத்திவிட்டு, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷனுக்குக் காப்பி போடுவாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணைச் சுற்றி நாலு விரல்கடை முகமூடி, அவ்வளவுதான் மறைவு.

தாசம்மாளுக்கு எதையும் அளந்து பார்க்காமல் நம்பத் தெரியாது. டேப்பை எடுத்துப் படத்தின் மேலேயே வைத்தாள். முகத்தின் நீளத்தை ஒன்பது இஞ்சாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கணக்குப் போட்டாள். போட்டுவிட்டு மறுபடியும் போட்டாள்.

"மக்களே, இவளுக்கு இடுப்பு பதினாறு, தொட இருவத்திரெண்டு. குடல எங்க வச்சிருக்கா?"

விஷ்ணுப்ரியா சிரித்தாள்.

"சிரிக்காத. ஜிப் எங்க?"

"ஜிப்பெல்லாம் கெடையாது, ஆன்ட்டி. உடம்போட ஒட்டி இருக்கும்."

"அப்போ மூத்திரம் வந்தா?"

பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சூப்பர் ஹீரோவுக்கு அதெல்லாம் வராது."

"பொம்பளதானே?"

"பொம்பளதான்."

"அப்போ வரும்." தாசம்மாள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இத வரஞ்ச பயல ஒருநாள் இங்க கூட்டிட்டு வா. இந்த டேப்ப கையில குடுத்து, போய் உனக்க அம்மைய அளந்துட்டு வாலேன்னு சொல்லுகேன்."

"நான்தான் வரஞ்சேன், ஆன்ட்டி."

தாசம்மாள் படத்தை விட்டுப் பெண்ணைப் பார்த்தாள். ஒரு பையன் இப்படி வரைந்திருந்தால் அவளுக்கு விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பையன்கள் அப்படித்தான் என்று திட்டிவிட்டுத் துணியை வெட்டப் போயிருப்பாள். எதிரே நிற்கிற பெண்ணுக்கு இடுப்பு முப்பது. கண்ணாலேயே அளந்துவிட்டாள், தப்பாது. அவள் எதற்காகத் தன் கையாலேயே இன்னொருத்தி இடுப்பில் பாதியை வெட்டி எறிய வேண்டும்?

"எதுக்குப் பிள்ளே இப்பிடி?"

"அவ பவர்ஃபுல், ஆன்ட்டி. அவ இஷ்டத்துக்கு டிரஸ் பண்ணிக்கறா, யாரும் கேள்வி கேக்க முடியாது. அதான் பவர்."

"அவளுக்க இஷ்டமா? நீ வரஞ்சதத்தானே அவ உடுக்கா?"

விஷ்ணுப்ரியா டேப்லெட்டை எடுத்துக்கொண்டாள். "அது வேற டிஸ்கஷன்," என்றாள். பிறகு படியிறங்கும்போது திரும்பி, "நல்லா ஒதுக்கமா இருக்கணும், கேட்டேளா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒதுக்கம் என்றால் இந்த ஊர் மலையாளத்தில் உடம்போடு கச்சிதமாகப் பொருந்துவது. தாசம்மாளுக்கும் அது தெரியும், தினம் பத்துப் பேர் அதையே சொல்லித்தான் தைக்கக் கொடுக்கிறார்கள். ஆனால் அவள் கல்யாணமாகி நேமத்துக்கு வந்த புதிதில், மாமியார் எலிசாள் வருவோர் போவோரிடமெல்லாம் "எனக்க மருமவ நல்ல ஒதுக்கமுள்ளவ" என்று சொல்லுவாள். அந்த ஒதுக்கம் வேறு: குரல் உயராது, முந்தானை விலகாது, சர்ச் சபையில் பின்வரிசை. இரண்டும் ஒரே சொல். ஒன்று எல்லாவற்றையும் காட்டச் சொல்கிறது, ஒன்று எல்லாவற்றையும் மூடச் சொல்கிறது. இரண்டிலும் பெண்தான் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதை யாரிடம் போய்க் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளே ஒரு களவு செய்துகொண்டிருந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு மாதமாகத் தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு, கடையின் திரைக்குப் பின்னால் போய்ச் சேலையை அவிழ்த்துவிட்டுச் சுடிதார் போடுவாள். லீலாபாயின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, லீலாபாயின் பின்னால் உட்கார்ந்து டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குப் போவாள். அங்கே ஸ்கூட்டர் பழகுவாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து மறுபடி சேலை. எதற்கு என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு நாள் லீலாபாய் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னபோது, கைதவறி முறுக்கியதில் அது பத்தடி ஓடியது. அந்தப் பத்தடி அவளுக்குப் பிடித்திருந்தது.

கணவர் ராஜமணியிடம் கேட்டுத்தான் பார்த்தாள். சாலையிலேயே ஒரு இரும்புக் கடையில் கிளார்க் அவர், சபைக் கமிட்டிச் செக்ரட்டரி வேறு. பதினைந்து வயதில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தவர், அதற்குப் பிறகு இரண்டு சக்கரம் எதையும் தொட்டதில்லை.

"ஓட்டத் தெரியாதவன் பெண்டாட்டிக்க பின்னால உக்காந்து போறான்னு சபையில சொல்லுவினும். அந்தப் பேச்சே வேண்டாம்," என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை டெஸ்ட். வீட்டில் தெரிந்தால் எல்லாம் போயிற்று.

புதன்கிழமை விஷ்ணுப்ரியா சொல்லாமல் கொள்ளாமல் மேலேறி வந்தபோது, தாசம்மாள் சுடிதாரும் ஹெல்மெட்டுமாகத் திரையிலிருந்து வெளியே வந்தாள். திரும்பி உள்ளே போகவும் வழியில்லை. சொல்லிவிட்டாள்.

பெண்ணுக்குக் குஷி தாங்கவில்லை. "அப்போ நீங்களும் ஆழிதான், ஆன்ட்டி."

"சும்மா இரு. ஒரு சங்கதி கேக்கட்டா? அலையத் தடுக்கிறவ புருசன்கிட்ட எதுக்கு ஒளிக்கணும்?"

"பிரியமானவாளைக் காப்பாத்தறதுக்கு. அவ யாருன்னு தெரிஞ்சா வில்லன் வந்து அவ ஆத்துக்காரரைப் பிடிச்சுண்டு போயிடுவான் இல்லியா?"

"கண்ண மட்டும் மறச்சா போருமா? கட்டுனவனுக்குப் பெண்டாட்டிக்க தாடை அறியாதா? பூன கண்ண மூடுனா பூலோகம் இருண்டுபோவுமா?"

"அதெல்லாம் அப்பிடித்தான், ஆன்ட்டி. எல்லாக் கதையிலயும் யாருக்கும் தெரியாது. கேக்கப்பிடாது."

மைதானத்தில் வண்டியை வளைக்கும்போதெல்லாம் தாசம்மாள் அதையேதான் யோசித்தாள். ஆழிக்கு வில்லன் இருக்கிறான். தனக்கு யார் வில்லன்? தெரிந்தால் கோபப்படப்போகிறவர் ராஜமணி. ஒளித்துவைத்து அவள் காப்பாற்றுவதும் ராஜமணியின் மானத்தைத்தான். வில்லனும் அவர், காப்பாற்றப்படுகிறவரும் அவர் என்றால் இது என்ன கதை? யோசனையில் கால் தரையில் பட்டுவிட்டது. "சேச்சி, நாளைக்கி இங்ஙன காலு குத்தியா தோற்றுபோகும்," என்று பழக்குகிறவன் கத்தினான்.

மறுநாள் கால் குத்தவில்லை. கம்பிகளுக்கு நடுவே எட்டுப் போட வேண்டும். எட்டு எடுப்பது என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். முதல் வளைவில் பல்லைக் கடித்தாள், இரண்டாவது வளைவில் மறந்தேபோனாள். ஆபீசர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "கிட்டி" என்றார், பாஸ் என்று அர்த்தம். லீலாபாய் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தாசம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நாற்பத்துமூன்று வயதில், யாரையும் கேட்காமல் தானே எடுத்த ஒன்று.

அன்று சாயங்காலம் ராஜமணி வந்தார், கைகால் கழுவினார், மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்புமாகச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் உள்ளே போனபிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எட்டு கிட்டிச்சா?"

தாசம்மாள் கையில் கரண்டி நின்றது. "கிட்டிச்சு," என்றாள். வேறென்ன சொல்ல? பிறகு, "எப்போ அறிஞ்சிய?"

"நாலு மாசமாச்சு. ஆதார்ல இருக்கது எனக்க நம்பர்தானே. லைசென்சுக்கும் நீ அதயே எழுதிக் குடுத்திருக்க. மெசேஜெல்லாம் எனக்காக்கும் வந்துது."

மழைமேகத்துக்கு அளவெடுத்தவளுக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

"பின்ன ஏன் கேக்கல்ல?"

ராஜமணி மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "கேட்டா வேண்டாம்னு சொல்லணும். வேண்டாம்னு சொன்னபொறவும் நீ போனா எனக்கென்ன மதிப்பு? போவாம இருந்தா உனக்குச் சங்கடம். அதான் அறியாதவனாட்டு இருந்தேன்." தண்ணீர் குடித்தார். "சபைக்காரங்க மட்டும் அறியாண்டாம். எங்க போனாலும் ஹெல்மெட்டக் கழட்டாத, போரும்."

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்ட பூனை யார்? தாசம்மாளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முந்தியது என்று தெரியவில்லை. நல்ல மனுஷன், தடுக்கவில்லையே என்று ஒரு மனம் சொன்னது. தினம் திரைக்குப் பின்னால் நெஞ்சு படபடக்க உடுப்பு மாற்றியதை எல்லாம் தெரிந்துகொண்டே கிழங்கு தின்றிருக்கிறாரே என்று இன்னொரு மனம் எரிந்தது. அவர் தெரியாதது மாதிரி இருந்ததால்தான் அவள் போக முடிந்தது. அப்போது அவள் எடுத்த எட்டு அவள் எடுத்ததா, அவர் விட்டுக் கொடுத்ததா? தட்டைக் கழுவிவிட்டு, கழுவிய தட்டையே இன்னொரு முறை கழுவினாள்.

வெள்ளிக்கிழமை விஷ்ணுப்ரியா உடுப்பைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். முப்பது இஞ்சு இடுப்பு. பக்கவாட்டில் ஜிப். வீட்டுச் சாவி வைக்க ஒரு பாக்கெட்.

"படத்துல மாதிரி இல்லியே, ஆன்ட்டி."

"படம் இங்க வரல்ல. நீதானே வந்தே."

பெண் கையைத் தூக்கிப் பார்த்தாள். குந்தி எழுந்து பார்த்தாள். கிழியவில்லை. "மூச்சு விட முடியறது," என்றாள், ஏதோ குறை சொல்கிற மாதிரி. "இனி படத்தை மாத்தணுமா, நான் மாறணுமா, ஒண்ணும் புரியல்ல."

"எனக்கும் புரியல்ல. ஒண்ணு சொல்லு. ஆழிக்க புருசனுக்கு மொதல்லேர்ந்தே எல்லாம் தெரியும்னு வச்சுக்க. தெரிஞ்சும் தெரியாதவன் மாதிரி இருந்தான். அப்போ கத என்னாவும்?"

விஷ்ணுப்ரியா முகமூடியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "அப்போ அவன்தானே ஹீரோ ஆயிடுவான்? எல்லாரும் எவ்வளவு நல்ல புருஷன்னு சொல்லுவா. கதை அவனோடது ஆயிடும்."

தாசம்மாள் வெட்டுமேஜையில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு லீலாபாயின் ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கியிருந்தாள். ராஜமணி பைபிளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். வழி முழுக்க "மெள்ள, மெள்ள" என்றார். சர்ச் தெரு முக்கு வந்ததும் தோளைத் தட்டினார்.

"இங்க இறக்கு. நான் நடந்து வாறேன். நீ வண்டிய அந்தக் கடைப் பக்கம் விட்டுட்டு வா."

"நீங்க நடந்து வாங்க," என்றாள் தாசம்மாள். அவரை இறக்கிவிட்டு, வண்டியைச் சர்ச் கேட்டுக்கே ஓட்டிப்போனாள்.

சபையில் பாதி வெளியேதான் நின்றிருந்தது. எலிசாளும் நின்றிருந்தாள், கமிட்டிக்காரர்களும் நின்றிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் யாரென்று அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை, உற்றுப் பார்த்தார்கள். பின்னால் தெருமுக்கிலிருந்து ராஜமணி வேகவேகமாக நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. அவள் தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனாள், கொக்கி உடனே கழலவில்லை. கழற்றலாமா வேண்டாமா என்று அப்போதும் அவள் முடிவு செய்திருக்கவில்லை.

பிறகு லீலாபாய் கேட்டபோது, வியர்த்துக் கொட்டியது, அதனால் கழற்றினேன் என்றுதான் சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கே தெரியாது. எலிசாள்தான் முதலில் பார்த்தாள்.

"தாசம்மாளா?" என்றாள். "உன்ன யாரு ஓட்டச் சொன்னா?"

ராஜமணி அதற்குள் மூச்சு வாங்க வந்துசேர்ந்துவிட்டார். "நான்தான்..." என்று தொடங்கினார்.

"யாரும் சொல்லல்ல," என்றாள் தாசம்மாள்.